டிரம்மில் தூவிய பொடி

யாரும் விரும்பிச் சாப்பிடாத ஒரு பண்டம் திருடு போனால் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் ஸ்டோர் ரூமில் குறைந்துகொண்டே வந்தது சர்க்கரை இல்லை, பாதாம் இல்லை. உடைத்த கோதுமை. சாமான் லாரி வராமல் போனால் இருக்கட்டும் என்று நீல டிரம் ஒன்றில் வாங்கி வைத்தது. வேகவைத்தால் பசை மாதிரி ஆகும்; சுவரில் போஸ்டர் ஒட்டலாம், வாயில் வைக்க முடியாது. அன்றைக்கு மாவு தீர்ந்துவிட்டதே என்று மூடியைத் திறந்தேன். கழுத்து வரை இருந்த கோதுமை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

வீட்டில் இருப்பது மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை. நான் எடுக்கவில்லை.

வீடு என்று சொல்வதுகூட அதிகம்தான். பாலைவனத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஆராய்ச்சி நிலையம். ஒரு சமையலறை, ஒரு ஸ்டோர், எலிக்கூண்டுகளும் விதை மூட்டைகளும் அடுக்கிய வேலை அறை, படுக்க இரண்டு அறை. பின்கதவைத் திறந்தால் மணலும் முள்செடியும், அதில் கம்பி வேலி போட்டு நாங்கள் வளைத்துவைத்திருக்கும் அடைப்புகளும். பக்கத்து வீடு என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடையாது. வெளித் திருடன் வந்தான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

அவர் எலி டாக்டர், நான் எறும்பு டாக்டர். தண்ணீர் வண்டிக்காரர் வைத்த பெயர்கள் இவை. பாலைவன எலி என்றதும் சாக்கடை எலியை நினைத்து மூக்கைப் பொத்த வேண்டாம். பின்னங்கால் நீண்டு, வால் நுனியில் குஞ்சம் கட்டிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் துள்ளித் துள்ளி வரும். கிடைக்கிற விதையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு போய் மணலில் சின்னச் சின்னக் குழி பறித்துப் புதைக்கும். என் எறும்புகள் பகல் உழைப்பாளிகள். விதையை வரிசையாகத் தூக்கிப் போய்ப் புற்றுக்குள் அறை அறையாகச் சேர்க்கும். மழை பெய்த வருஷத்தில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. எலி புதைத்து மறந்த விதை முளைத்துச் செடியாகும், அந்தச் செடி உதிர்ப்பதை எறும்பு பொறுக்கும். மழை பொய்த்தால் பங்காளி பகையாளி ஆகிவிடுவான். எலி புற்று வாசலில் காத்திருந்து பறிக்கும். எறும்பு எலியின் குழியை மோப்பம் பிடித்து மணி மணியாகக் காலி செய்யும். யார் யாரிடம் அதிகம் திருடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் எங்கள் இருவர் பிழைப்பும். எலிதான் பெரிய திருடன் என்பார் அவர், சொந்தப் பிள்ளையைச் சொல்வதுபோல் பெருமையாக. எறும்புதான் என்பேன் நான். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த சண்டை இது.

இந்த முறை மழை பொய்த்தது மட்டுமல்ல, எங்களை மறந்தே போய்விட்டது. தெற்கு அடைப்பில் என் புற்றுகள் ஒவ்வொன்றாக அடங்கின. வாசலில் மணல் மூடிக்கொண்டது. அதைத் தள்ளிவிட உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வடக்கு அடைப்பில் மட்டும் என் எறும்புகள் கல்யாண வீடு மாதிரி அலைந்தன. அங்கே எலிகள் அதிகம். எலிகளின் குழிகளைக் கொள்ளையடித்தே எறும்புகள் பஞ்சத்தைத் தாண்டுகின்றன என்று நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அதைப் பார்த்த எங்கள் இயக்குநர் தானே நேரில் வருவதாகச் சொன்னார். நிலையத்தை மூடலாமா என்ற பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. வடக்கு அடைப்பு அவருக்குப் பிடித்தால் நிலையம் பிழைக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்களுக்காவது நகரத்தில் ஏதோ ஒரு மூலையில் மேஜை போடுவார்கள். சிட்டுவுக்குத்தான் வேறு இடமே இல்லை.

சிட்டு என்பவள் என் நாத்தனார். சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தையல்காரி. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு தையல் மெஷினும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று நாங்கள் குடையவில்லை. ஒரு நாள் விதைப் பை தைத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

"அங்க சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டு போட்டிருந்தாங்க அண்ணி. எது குறைஞ்சாலும் என் கையைத்தான் பாப்பாங்க."

"இந்த வீட்டுல பூட்டே கிடையாது," என்றேன். ரொம்பப் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் தலையைத் தூக்காமல் சிரித்தாள்.

டிரம்மின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது. கூடவே ஒரு அசிங்கமான நினைப்பும் வந்தது. அந்த வீட்டில் பூட்டு போட்டதற்கு ஒரு காரணம் இருந்திருக்குமோ?

நினைப்பு வந்துவிட்டால் அப்புறம் கண்ணுக்கு எல்லாமே சாட்சிதான். சிட்டு தட்டில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டால், தனியாக ஏதோ தின்கிறாள் என்று தோன்றியது. நிறையப் போட்டுக்கொண்டால், ஒளித்துவைக்கத்தான் என்று தோன்றியது. மத்தியானம் நான் கண் அசரும் நேரத்தில் பின்கதவு கிரீச்சிடுவதைக் கேட்டேன். எழுந்துபோய்ப் பார்த்தால் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசியில் நூல் இல்லை.

இந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வண்டிக்காரர் வந்து சேர்ந்தார். தொட்டியில் குழாயைச் சொருகிவிட்டு, தண்ணீர் நிறைகிற வரை ஊர் வம்பை இறக்கிவைப்பது அவர் வழக்கம். ஊரே இல்லாத இடத்தில் அவருக்கு வம்பு எங்கிருந்து கிடைக்கிறது என்று நான் யோசித்ததுண்டு.

"டாக்டரம்மா, உங்க நாத்தனார் இந்த வெயில்ல எங்க போறாங்க?"

"எங்க போறா?"

"எனக்கென்ன தெரியும்? போன தடவையும் பாத்தேன், இப்ப வரும்போதும் பாத்தேன். துப்பட்டாவுல எதையோ முடிஞ்சுக்கிட்டு வேலிப் பக்கமா போனாங்க. வண்டியைப் பாத்ததும் செடிக்குப் பின்னால ஒதுங்கிட்டாங்க. நான் தப்பா ஒண்ணும் சொல்லல."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்பவர்கள் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்திருப்பார்கள். அது தெரிந்தும் நான் விடவில்லை.

"கூட யாராவது இருந்தாங்களா?"

"ஆள் யாரையும் பாக்கல. ஆனா ரோட்டு ஓரத்துல ஒரு பைக் நின்னுச்சு. யாரோடதுன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

வேலிக்கு ஓணான் சாட்சி. ஆனால் அந்த ஓணான் சொன்னது எனக்குப் போதும். சிட்டுவின் புருஷனிடம் ஒரு பைக் இருந்தது. அவன் வந்து நிற்கிறான், இவள் இரக்கப்பட்டுத் தானியம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று கதையை நானே எழுதி முடித்துவிட்டேன். பைக்கில் வருகிறவன் எதற்கு உடைத்த கோதுமைக்கு அலைகிறான் என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை.

வேலை அறையில் அவர் எலிக்கூண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கோதுமை டிரம் பாதிக்கு மேல காலி."

துடைத்த கை ஒரு நொடி நின்றது. "அப்படியா?"

"அப்படியான்னா? யார் எடுத்தது?"

"ஸ்டோரைப் பாத்துக்கிறது நீதானே."

"நான் எடுத்தா உங்ககிட்ட வந்து எதுக்குக் கேக்கப் போறேன்?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே," என்று மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கூண்டு அது. மடியில் கனமில்லாத மனுஷன் துடைத்த கூண்டையே திரும்பத் துடைப்பாரா? தங்கையைக் காப்பாற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். ரத்தம் ரத்தத்தோடுதான் சேரும், நான் வந்தவள்தானே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

சரி, எங்களுக்குத் திருடனைப் பிடிக்கத் தெரியாதா என்ன? அதைத்தானே வருஷக்கணக்கில் செய்கிறோம். எலி எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் வயிற்றில் ஒளிப்பொடியைத் தடவி விடுவோம். மாவு மாதிரி இருக்கும், வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. இருட்டில் ஊதா விளக்கைப் பிடித்தால் எலி போன தடமெல்லாம் பளிச்சென்று எரியும். அலமாரியைத் திறந்து பச்சைப் பொடியை எடுத்தேன். பக்கத்தில் ஆரஞ்சு டப்பாவின் மூடி சரியாக மூடாமல் கிடந்தது. எலிக்காரரின் லட்சணம் என்று முணுமுணுத்துக்கொண்டே அதை அழுத்தி மூடினேன். பச்சையை டிரம்மில் தூவி, முழங்கை வரை கையை விட்டுக் கலந்தேன். போகிற போக்கில் வறுத்த கடலை டப்பாவிலும் ஒரு சிட்டிகை போட்டேன். ரத்த அழுத்தத்துக்கு உப்புக் கடலை கூடாது என்று வைத்தியர் சொன்னதிலிருந்து அவர் தொடுவதே இல்லை. ஆனாலும் டப்பா தானாகக் குறைந்துகொண்டிருந்தது.

கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒரு வீட்டுக்குள்ளேயே எலிக்கு வைக்கிற பொறியை மனுஷிக்கு வைக்கிறோமே என்று ஒரு கணம் உறுத்தியது. உண்மை தெரிந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று அந்த உறுத்தலையும் கழுவிவிட்டேன்.

இயக்குநர் வருவதற்கு முந்தின நாள், பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேரையும் வேலை அறைக்குக் கூப்பிட்டேன்.

"ஊதா விளக்கு சரியா எரியுதான்னு பாக்கணும். நாளைக்கு அவர் முன்னால மானம் போகக் கூடாது. சிட்டு, அந்தத் திரையை இழுத்துவிடு. எல்லாரும் கையை மேஜை மேல வைங்க, வெளிச்சம் சமமா விழுதான்னு பாப்போம்."

பொய் சொல்வதில் எனக்குப் பழக்கமில்லை, அதனால் தேவைக்கு மேலேயே பேசினேன். சிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்தாள். விளக்கைப் போட்டேன்.

சிட்டுவின் கைகள் சுத்தமாக இருந்தன. விரல் இடுக்கில்கூட ஒரு புள்ளி இல்லை. எனக்கு வந்த நிம்மதியை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவள் எடுக்கவில்லை! பைக்கும் இல்லை, புருஷனும் இல்லை. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். முழங்கை மடிப்பிலும் நகக்கண்ணிலும் பச்சை கொஞ்சம் தங்கியிருந்தது. அது நான் தூவியது. ஆனால் அதோடு கலந்து ஆரஞ்சும் எரிந்தது, மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி.

"நீ டிரம்முக்குள்ள கையை விட்டியா?" என்றார் அவர் பட்டென்று.

"விட்டேன். டிரம்முக்குள்ள ஆரஞ்சு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன்.

"அது வந்து… டிரம் குறையறதை நான் முன்னாடியே கவனிச்சேன். தெற்குல புற்றெல்லாம் செத்துப்போச்சு. வடக்குல மட்டும் எறும்பு கொழுகொழுன்னு இருக்கு. அதான்…"

"அதான்?"

"நீ தீனி போடுறியோன்னு நினைச்சேன். புற்று வாசல்ல ஆரஞ்சு தெரியுதான்னு பாக்கத்தான் போட்டேன். உன் கையைப் பாக்கணும்னு நினைக்கல."

என் எறும்புகளுக்கு நானே திருட்டுத்தனமாகத் தீனி போட்டு, ஊரைக் கூட்டி அதிசயம் காட்டுவேன் என்று என்னோடு ஒரே பாயில் படுக்கிற மனுஷர் நினைத்திருக்கிறார். துடைத்த கூண்டைத் திரும்பத் துடைத்தது இதற்காகத்தான். கத்துவதற்கு வாயைத் திறந்து விளக்கை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினேன். மீசை முழுக்கப் பச்சை. கீழ் உதட்டில் பச்சை. சட்டைப் பையின் வாயில் பச்சை.

"கடலை டப்பா," என்றேன்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? இவர் புறங்கையோடு நிற்கவில்லை. மீசையைத் தடவினார், விரலெல்லாம் எரிந்தது. சிட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. எனக்கும் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்தது. "அண்ணா, எலிக்குக்கூட இவ்வளவு பொடி ஒட்டாது," என்று சொல்லிக்கொண்டே திரையைத் திறக்கத் திரும்பினாள்.

அவள் துப்பட்டாவின் நுனி பச்சையும் ஆரஞ்சுமாக எரிந்தது. முடிச்சுப் போட்டு அவிழ்த்த சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது.

நாங்கள் சிரிப்பை நிறுத்தியதைக் கேட்டு அவள் குனிந்து பார்த்தாள். 

"என்னையும் பொடி போட்டுத்தான் பிடிச்சீங்களா அண்ணி?"

"யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற? அவனுக்கா? ரோட்டுல பைக் நின்னுச்சாமே?"

"எவனுக்கு?" நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பிறகு புரிந்தது, முகம் செத்துப்போனது. "பைக்ல வந்தது கரண்ட் கம்பி பாக்கிறவர். குடிக்கத் தண்ணி கேட்டார், கொடுத்தேன். மத்ததையும் பாக்கணும்னா விளக்கை எடுத்துக்கிட்டு வாங்க."

பின்கதவைத் திறந்துகொண்டு நடந்தாள். மேற்கே வெளிச்சம் அடங்கிக்கொண்டிருந்தது. பின்படியிலிருந்து வேலி வரைக்கும், வேலியின் கதவிலிருந்து உள்ளே, துப்பட்டா முடிச்சிலிருந்து சிந்திய மணிகள் புள்ளி புள்ளியாக எரிந்தன. விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அந்தப் புள்ளிகள் வேலியைத் தாண்டி ரோட்டுக்குப் போகவில்லை. என் பெரிய புற்றின் வாசலில் போய் முடிந்தன. வாசலைச் சுற்றிக் கைப்பிடி கைப்பிடியாகக் கோதுமை. காலையில் நான் பார்க்க வருவதற்குள் எலியும் எறும்பும் அதைத் துடைத்து எடுத்துவிட்டிருக்கின்றன. கடைசி வெளிச்சத்தில் இன்னும் வீடு திரும்பாத எறும்புகள் சில எரியும் மணிகளை இழுத்துக்கொண்டு உள்ளே போயின.

என் எறும்புகள் பிழைத்த ரகசியம் இதுதான். எலியின் குழியும் இல்லை, கொள்ளையும் இல்லை. நாளைக்கு இயக்குநரை இதே இடத்தில் நிறுத்தி நான் பெருமையாகப் பேசுவதாக இருந்தேன்.

"எதுக்குடி இப்படிப் பண்ணின?"

"நீங்கதானே போன்ல சொன்னீங்க, வடக்குப் பக்கமும் செத்துட்டா இதை மூடிடுவாங்கன்னு. அன்னிக்கு அந்தப் புற்றுல நாலஞ்சு எறும்புதான் தள்ளாடிக்கிட்டு இருந்துச்சு. யாரும் சாப்பிடாத கோதுமைதானே, போட்டேன். எறும்பு சாகல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"தெரியாதா? நான் எழுதி அனுப்பினதெல்லாம் பொய்யாப் போச்சு! என் பேரு போச்சு! ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. இதை மூடிட்டா நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிடுவீங்க. நான் எங்க போறது அண்ணி?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"அந்த வீட்டுல சும்மாவா அலமாரிக்குப் பூட்டு போட்டாங்க?" என்றேன்.

 அவர் என் கையிலிருந்து விளக்கைப் பிடுங்கினார். "வாயை மூடு," என்றார். எத்தனையோ சண்டையில் அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதில்லை. சிட்டு துப்பட்டா நுனியில் ஒட்டியிருந்த கடைசி மணிகளைப் புற்று வாசலில் உதறிவிட்டு, நுனியை மடித்துச் சொருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

நாங்கள் அங்கேயே நின்றோம். என்ன பேசுவது என்று தெரியாத நேரத்தில் பழக்கம்தான் கைகொடுக்கும். இருவரும் மணலைப் பார்த்தோம். ஒரு எலி துள்ளி வந்து புற்று வாசலில் குந்தியது. கன்னம் புடைக்கக் கோதுமையை அள்ளிக்கொண்டு ஓடியது. அவர் விளக்கோடு அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார், நானும் போனேன். பச்சையும் ஆரஞ்சுமாகப் பாதத் தடங்கள் ஒரு முள்செடியின் அடியில் இருந்த குழியில் முடிந்தன. அந்தக் குழிக்கு அடுத்த குழி ஏற்கெனவே காலி. அதிலிருந்து சிந்திய மணிகள் கோடு போட்டாற்போல் இன்னொரு புற்றுக்குப் போயின. சிட்டு சிந்திய புள்ளிகள் அந்தப் புற்றுப் பக்கமே போகவில்லை. அதன் வாசலில் குவிந்த உமியிலும் எங்கள் பொடி எரிந்தது.

"பாரு, எலிக்குழியை உன் எறும்பு திருடியிருக்கு. நீ சொன்னதுதானே?"

"திருட்டு நான் சொன்னதுதான். தீனி நம்ம டிரம்முது."

அவர் மணலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். "நீ சொல்லலைன்னா நானும் சொல்ல மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்கு, அடுத்த சண்டைக்கு ஆயுதம் சேர்க்கிறாரோ என்றுதான் தோன்றியது. சந்தேகம் ஒரு தடவை வாசல்படி ஏறிவிட்டால் ஆள் பார்த்து விலகுவதில்லை.

மறுநாள் காலை இயக்குநர் வந்தார். அகலத் தொப்பி, கழுத்தில் ஈரத் துண்டு, வார்த்தைக்கு வார்த்தை "அப்படியா" என்று கேட்கும் மனிதர். புற்றின் முன்னால் குனிந்து, "பிரமாதம், பிரமாதம்" என்றார். அவர் நிமிரும் வரை எனக்கு நேரம் இருந்தது. பொய் ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். நிலையம் பிழைக்கும், சிட்டுவுக்கு அறை இருக்கும், என் பெயரும் இருக்கும். ஆனால் நான் காலமெல்லாம் யார் எங்கே திருடினார்கள் என்று கேட்டே சோறு தின்றவள். அதே வாயால் எப்படிச் சும்மா இருப்பது?

"சார், இந்தப் புற்று எங்க வீட்டுக் கோதுமையிலதான் உயிரோட இருக்கு," என்றேன்.

"அப்படியா?" என்றார். இந்த முறை அதில் வியப்பு இல்லை. "யார் போட்டது?"

அவர் என்னைத்தான் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பின்படியில் நின்றிருந்த சிட்டு அதற்குள் இறங்கி வந்தாள்.

"நான்தாங்க. இவங்களுக்கு நேத்துதான் தெரியும்."

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முந்தின நாள் வரைக்கும் என் கண்ணில் இருந்த பார்வைதான் அது. இரண்டாவது புற்றைக் காட்டினோம், எலிக்குழிகளைக் காட்டினோம், அறைக்குள் திரையை இழுத்து மணிகளை விளக்கின் கீழே வைத்தோம். தீனி போட்ட அடைப்பு ஒன்று, போடாத அடைப்பு ஒன்று என்று முதலிலிருந்து ஒழுங்காகச் செய்தால் இதில் விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மழை வரை நிலையம் இருக்கட்டும் என்றார். ஜீப்பில் ஏறும்போது, "ஆனா இனிமே நீங்க மூணு பேர் சொல்றதை மட்டும் வெச்சு எதையும் ஏத்துக்க முடியாது. வெளியிலிருந்து ஒரு ஆள் வந்து பாப்பார்," என்றார். எனக்குக் காது சுட்டது. கேட்டுக்கொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சிட்டுவிடம் போனேன். மெஷினில் விதைப் பை தைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் சொன்னது ரொம்பத் தப்பு சிட்டு. என்னை மன்னிச்சுடு."

"பரவாயில்ல அண்ணி."

"நீ எங்கயும் போக வேண்டாம். இது உன் வீடு."

"சரி அண்ணி." மெஷினை நிறுத்தினாள். "தண்ணி வண்டிக்காரர் அடுத்த தடவை வரும்போது ஒரு பூட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"ஸ்டோருக்கு. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது குறைஞ்சா நீங்க என் கையைப் பாக்க வேண்டியதில்ல, நானும் கழுவிக் கழுவிக் காட்ட வேண்டியதில்ல."

வேண்டாம் என்று கெஞ்சினேன், கோபித்தேன், அழுதும் பார்த்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. கடைசியில் பூட்டு வந்தது. சாவியை அவள் கையில் வைத்தேன்; மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நானும் அதை எடுக்கவில்லை. கொஞ்ச நாள் மேஜையிலேயே கிடந்தது. பிறகு அவர்தான் எடுத்துச் சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

சாவி இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. சிட்டு அதைத் தொடுவதில்லை. அவள் தொடாததை நானும் தொடுவதில்லை. அரிசி வேண்டுமென்றாலும் உப்பு வேண்டுமென்றாலும் இரண்டு பேரும் வேலை அறைப் பக்கம் பார்த்து அவரைக் கூப்பிடுகிறோம். எலிக்கூண்டைக் கீழே வைத்துவிட்டு அவர் வந்து திறந்துவிடுகிறார். கடலை டப்பா மட்டும் இப்போதும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை.